ஓடீல் வீட்டுக் கூரை

நெல்டா ஸ்டாம்பர் கென்டக்கி மலைப்பக்கத்து ஊரொன்றில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். கனத்த உடம்பு, கரகரத்த குரல். பின் சீட்டில் சண்டை மூண்டால் கண்ணாடியைப் பார்த்து ஒரே ஒரு அதட்டல் போடுவாள். அதற்கப்புறம் பஸ்ஸில் மூச்சு விடும் சத்தம் கூடக் கேட்காது. புருஷன் ராய்ஸ் நிலக்கரிச் சுரங்கத்துத் தூசியை நெஞ்சில் சுமந்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. அவன் போன பிறகு வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசியது.

ஊர்ச் சர்ச் சபையில் அவளுக்கென்று ஒரு இடம் இருந்தது. அது சமையல்கட்டு. சாவு வீட்டுக்கு உருளைக்கிழங்கு மசிப்பது, கல்யாணத்துக்குக் கோழி பொரிப்பது, எல்லோரும் எழுந்து போன பிறகு காப்பிப் பாத்திரம் கழுவுவது. ஆனால் வருஷத்தில் ஒரு வாரம், வசந்த விடுமுறையில் சபை ஊழியப் பயணம் கிளம்பும்போது, அவள் வேறு ஆள். புயலிலோ வெள்ளத்திலோ இடிந்துபோன ஏதாவது ஒரு ஆலயத்தைச் செப்பனிட்டுக் கொடுக்கப் போவார்கள். முதல் பயணத்தில் கூரைக்கு ஆள் போதவில்லை என்று ஏணியில் ஏறினாள். ஏறியவளை அப்புறம் யாராலும் சமையல்கட்டுக்கு இறக்க முடியவில்லை. முழங்கால் வலியெல்லாம் தரையில் நடக்கும்போதுதான். கூரைச் சரிவில் ஆட்டுக்குட்டி மாதிரி நகர்வாள். மேலே நின்று சுத்தியலோடு சுற்றிப் பார்க்கும்போது, தான் யாருக்கோ வேண்டியவள் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தை வைத்து அடுத்த வருஷம் வரை ஓட்டுவாள்.

அந்த வருஷம் லூசியானாவின் தென்கோடிக்குப் போனார்கள். இலையுதிர் காலத்தில் அடித்த புயல், கடலோரத்தில் சதுப்புக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரைப் புரட்டிப் போட்டிருந்தது. ஊர் ஆலயத்தின் கூரையில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. குழுவுக்குத் தலைவர் கார்லண்ட் ப்ரூயிட். சொந்த ஊரில் மரக்கடையும் இரும்புக் கடையும் வைத்திருப்பவர், சபையின் தர்மகர்த்தா. ஆணி முதல் கூரையில் ஆணியடித்துப் பதிக்கும் தார் அட்டை ஓடு வரை தன் கடையிலிருந்தே லாரியில் ஏற்றி வந்திருந்தார். ஜெபம் பண்ணும்போது நிஜமாகவே கண் கலங்கும் மனுஷன்.

போய் இறங்கிய அன்று மத்தியானம், எதிர்ப்பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஒல்லிக் கிழவி பெரிய அலுமினியப் பானையைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோழியும் வெண்டைக்காயும் போட்ட கம்போ குழம்பு. சோறு தனியாக ஒரு ஐஸ் பெட்டிக்குள் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"யாரு இங்க பெரியவரு? வாயைப் பாத்துட்டு நிக்காம தட்டு எடுங்க. ஆறினா இதுல எண்ணெய் தான் மிதக்கும்" என்றாள்.

அவள்தான் ஓடீல். ஆலயத்தின் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. பியானோ வாசிப்பவளும் அவள், பூ வைப்பவளும் அவள், குளிர்காலத்தில் முதலில் வந்து ஹீட்டர் போடுபவளும் அவள்.

நெல்டாவின் கண் பானையைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனது. கூரை முழுக்க நீலத் தார்ப்பாய், அதுவும் வெயிலில் நைந்து நார் நாராகத் தொங்கியது.

"மிஸ் ஓடீல், உங்க வீடும் போயிடுச்சா?"

"போகல கண்ணு. நான் உள்ள தானே இருக்கேன். மழை வந்தா மழையும் உள்ள வரும். ரெண்டு பேரும் சேர்ந்து டி.வி. பாப்போம்."

நெல்டா வாய்விட்டுச் சிரித்தாள். ஓடீல் சிரிக்கவில்லை. கரண்டியால் இன்னொரு துண்டு கோழியை அவள் தட்டில் போட்டாள்.

அந்த வாரம் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்ததும் மற்றவர்கள் பள்ளிக்கூட ஜிம்மில் போட்டிருந்த மடக்குக் கட்டில்களுக்குப் போவார்கள். நெல்டா ஓடீலின் படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். ஓடீல் ஊர்க்கதை சொல்வாள். புயலுக்கு முன்பே பாதி ஊர் காலி; புயலுக்குப் பின் மீதியில் பாதி. மகன் டெக்ஸஸ் பக்கம் பியூமாண்டில் இருக்கிறான், வா வா என்கிறான்.

"போனா என்னவாம்?" என்று நெல்டா கேட்டாள்.

"மருமகளுக்குப் பூனை இருக்கு. எனக்கும் அதுக்கும் ஆகாது" என்றாள் ஓடீல். படியில் கிடந்த பூட்ஸை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "சர்ச்சைத் திறக்க ஆள் வேணும்ல" என்றாள்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஓடீலின் படுக்கையறையில் உட்கூரை அட்டை ஊறி, தொப்பென்று கட்டில்மேல் விழுந்தது. நெல்டா ஓடிப்போய்க் கட்டிலை இழுத்து, ஈர மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். அட்டைக்கூழ் கிழவியின் தலைமயிரெல்லாம் அப்பியிருந்தது. அன்றைக்கும் பானை நேரத்துக்கு வந்தது. நெல்டா தட்டைக் கீழே வைத்தாள். கார்லண்டைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பிரதர் கார்லண்ட், நம்ம ஓடு மிஞ்சும். அந்தம்மா வீடு சின்ன வீடு. நாலு பேர் ஏறினா ஒரு நாள் வேலை."

"நானும் பாத்தேன் சிஸ்டர். பாக்காம இருப்பேனா? ஆனா ஜனங்க ஆண்டவரோட வீட்டுக்குன்னு குடுத்தாங்க. அதை நான் இஷ்டத்துக்குத் திருப்ப முடியுமா?"

"அந்தம்மா சமைச்சதைத் தானே தினம் திங்கிறோம்?"

"இந்தத் தெருவுல இன்னும் எத்தனை நீலக் கூரை இருக்கு, பாரு. ஒண்ணுக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. யாருக்கு இல்லைன்னு சொல்லுவ? நீ சொல்லுவியா?" அவர் அவள் தோளைத் தட்டினார். "ஜெபம் பண்ணுவோம்."

நடுவில் ஒரு நாள் ஓய்வு. குழு முழுவதும் சதுப்பில் படகில் போய் முதலை பார்க்கக் கிளம்பியது. நெல்டா முழங்கால் வலி என்று சொல்லித் தங்கிவிட்டாள். ஓடீலும் அன்று ஊரில் இல்லை. புயல் நிவாரணத்துக்குப் போட்ட மனு என்னவாயிற்று என்று கேட்க, பக்கத்துப் பட்டணத்து அரசாங்க ஆபீஸுக்கு யாருடைய காரிலோ போயிருந்தாள். கிழவி திரும்பி வந்து பார்க்கும்போது தலைக்குமேல் புதுக்கூரை இருக்க வேண்டும். அந்த முகத்தை நினைத்து நினைத்து நெல்டா தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஆலயத்தின் பக்கவாட்டில் அடுக்கியிருந்த தார் ஓட்டுக் கட்டுகளைக் கைவண்டியில் வைத்துத் தெருவைத் தாண்டித் தள்ளினாள். தார்ப்பாயைக் கழற்றி, இற்றுப்போன பழைய ஓட்டை வழித்துத் தள்ளி, படுக்கையறைக்கு மேலே இருந்த சரிவில் வரிசை வரிசையாக அடிக்கத் தொடங்கினாள். வெயில் முதுகைப் பிளந்தது. அவள் பாடிக்கொண்டே அடித்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை.

படகுக்காரர்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே திரும்பிவிட்டார்கள். வேனிலிருந்து இறங்கிய கார்லண்ட் அண்ணாந்து பார்த்தார். ஆலயக் கூரையின் அதே சாம்பல் பச்சை ஓடு.

"சிஸ்டர் நெல்டா! இறங்கு கீழ!"

"இந்தப் பக்கம் முடிஞ்சிரும். ரெண்டு வரிசை தான்."

"இறங்குன்னேன்!"

அவள் இறங்கினாள். குழு முழுவதும் தெருவில் நின்றது. பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஓடீலை ஏற்றி வந்த காரும் வந்து நின்றது.

"கேக்காம எடுக்கறதுக்கு வேற என்ன பேரு? நீயே சொல்லு. ஆண்டவரோட பொருளைத் திருடியிருக்க" என்றார் கார்லண்ட். கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் அதிகம். அதுதான் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

ஓடீல் காரிலிருந்து இறங்கி, கைப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முதலில் கூரையைப் பார்த்தாள். பிறகு தெருவில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவளைக் கண்டதும் கார்லண்ட் தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், நடந்தது நடந்துபோச்சு. நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. அடிச்சது இருக்கட்டும். எங்க சபையோட அன்பளிப்பா வெச்சுக்குங்க."

"பிடுங்கச் சொல்லுங்க" என்றாள் ஓடீல்.

"மிஸ் ஓடீல்..." என்று நெல்டா கிட்டே போனாள்.

"சர்ச்சுல திருடின ஓட்டுக்குக் கீழ நான் படுக்கணுமா? முப்பது வருஷமா அந்தச் சாவி என் கழுத்துல கிடக்கு. ஒரு மெழுகுவத்தி வீட்டுக்குக் கொண்டு வந்ததில்ல. இப்ப தெருவே நின்னு என் கூரையைப் பாக்குது. பிடுங்கு."

மறுநாள் விடிந்ததும் நெல்டா மறுபடி ஏறினாள், ஓட்டைப் பிடுங்க. யாரும் உதவிக்கு வரவில்லை; அவளும் கூப்பிடவில்லை. ஓடீல் மட்டும் ஈரத்தரையில் வந்து நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உள்ள போங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ விழுந்து தொலைச்சா அதுக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க."

 ஆணியோடு பிடுங்கிய தார் ஓடு கிழிந்துதான் வரும். மறுபடி எதற்கும் ஆகாது. நெல்டா ஒவ்வொன்றாகக் கீழே எறிந்தாள். எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஓரத்தில் சட்டம் வைத்து அறைந்துவிட்டு இறங்கினாள். அவள் கை வைப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் கூரை மோசமாக இருந்தது. அன்று மத்தியானம் பானை வரவில்லை. பட்டணத்திலிருந்து பீட்ஸா வாங்கி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயப் பிரதிஷ்டை. சபைத் தலைமையிலிருந்து ஒரு போதகர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். கார்லண்ட் பேச எழுந்து, இரண்டு தடவை நிறுத்திக் கைக்குட்டையை எடுத்தார். ஓடீல் நீலத் தொப்பி வைத்துக்கொண்டு வந்து பியானோ வாசித்தாள். ஒரு சுரமும் தப்பவில்லை. உள்ளூர்க்காரர்கள் முதல் இரண்டு பெஞ்சுக்குள் அடங்கிவிட்டார்கள். மீதி பெஞ்சுகளில் கென்டக்கிக்காரர்கள் பரவி உட்கார்ந்தார்கள், போட்டோவில் நிறைந்து தெரிவதற்காக. கிளம்பும்போது நெல்டா கையை நீட்டினாள். ஓடீல் அந்தக் கையைப் பிடித்தாள், பிறகு அடுத்தவர் கையைப் பிடித்தாள்.

ஊர் திரும்பிய பிறகு சாட்சி சொல்லும் ஞாயிறு வந்தது. பயணம் போனவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கொடுக்கப் போனோம், அதிகமாய்ப் பெற்று வந்தோம் என்றார்கள். நெல்டாவின் முறை வந்தபோது போதகர் அவளைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. ஓடு சமாச்சாரம் அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. சமையல்கட்டில் மட்டும் ஒருத்தி, "சிஸ்டர் நெல்டா வந்தாச்சு, கரண்டியெல்லாம் எண்ணி வெச்சுக்குங்கடி" என்று சிரித்தாள். நெல்டாவும் கூடச் சிரித்தாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. அந்த ஆலயத்தில் ஆராதனைக்கு ஆள் இல்லையென்று சபைத் தலைமை மூடிவிட்டது. வாத்து வேட்டைக்கு வரும் ஆட்கள் தங்குவதற்காக ஒரு கம்பெனி கட்டடத்தை வாங்கிக்கொண்டது. கூரை புதிதாக இருந்ததால் நல்ல விலைக்குப் போனதாகப் பேச்சு. நெல்டா நேரே கார்லண்டின் கடைக்குப் போனாள்.

"வாத்து சுடறவனுக்கா பிரதர் நாம கூரை போட்டோம்?"

அவர் பெயின்ட் டப்பாவை ஆட்டிக்கொண்டிருந்தார். "நமக்குச் சொன்னதை நாம செஞ்சோம். அப்புறம் நடக்கறது அவர் கையில."

"அந்தம்மா வீட்டுக்குப் போட்டிருந்தா..."

"அந்தம்மாவும் இப்ப அங்க இல்ல, சிஸ்டர்" என்றார் அவர். ஜெயித்த குரலில் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அந்த ஊரில் எஞ்சியிருந்த ஒருவரிடம் கேட்டு, பியூமாண்டில் ஓடீலின் மகன் வீட்டு நம்பரை வாங்கினாள். பல நாள் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டாள்.

"யாரு? ஓ... கூரைக்காரியா." ஓடீலின் குரல் இன்னும் இளைத்திருந்தது.

"எப்படி இருக்கீங்க மிஸ் ஓடீல்?"

"ஒழுகல. மேல்மாடியில ஆளுங்க திங்கு திங்குன்னு நடக்கறாங்க. பூனை என் கட்டில்ல படுக்குது. வேறென்ன?"

"உங்களைத் தெருவுல தலைகுனிய வெச்சுட்டேன். அந்த வாரத்துல இருந்து எனக்குச் சரியா தூக்கமில்ல. அந்த ஆளுகிட்டக் கெஞ்சிப் பாத்தேன், அவரு ஒத்துக்கல. அதனாலதான் சொல்லாம ஏறினேன்."

எதிர்முனையில் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ அவனைக் கேட்ட. என்னை எப்ப கேட்ட?"

நெல்டா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"தினம் சாயங்காலம் என் படியில உக்காந்து காலை ஆட்டின. ஒரு வார்த்தை, 'ஏறட்டுமா?'ன்னு கேட்டியா? கேட்டிருந்தா, எங்கேயிருந்து வந்த ஓடுன்னு நான் கேட்டிருப்பேன். வேண்டாம்னிருப்பேன். ரெண்டு பேரும் கௌரவமா இருந்திருப்போம். உங்க எல்லாருக்கும் அதே வியாதி கண்ணு. அவன் ஜெபம் பண்ணிட்டு வருவான், நீ பாட்டுப் பாடிட்டு வருவ. நாங்க சோறு ஆக்கிப் போட்டு, நன்றின்னு சொல்லி, போட்டோவுக்கு நிக்கணும்."

"மன்னிச்சிருங்க."

"மன்னிச்சேன். கிறிஸ்துவச்சி, மன்னிக்காம என்ன பண்றது? இனிமே கூப்பிடாத" என்று சொல்லி ஓடீல் போனை வைத்தாள். நெல்டா மறுபடி கூப்பிடவில்லை.

வசந்த விடுமுறை நெருங்கியபோது அடுத்த ஊழியப் பயணத்தை அறிவித்தார்கள். அர்கன்ஸாவில் சூறாவளி ஒரு ஆலயத்தின் கூரையையும் கோபுரத்தையும் பிய்த்துப் போட்டிருந்தது. தன்னைக் கேட்க மாட்டார்கள் என்று நெல்டா நினைத்திருந்தாள். கூரையில் ஏற ஆள் இல்லாததால் கார்லண்டே வந்து கேட்டார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வாரம் பள்ளிக்கூடம் கிடையாது, பஸ் கிடையாது. வீட்டில் ராய்ஸின் நாற்காலியும் டி.வி.யும்தான். "எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்று கேட்டாள்.

அர்கன்ஸாவில் காலை முதல் சாயங்காலம் வரை மேலேயே இருந்தாள். முன்னைப்போலவே வேகமாக அடித்தாள். பாட்டு மட்டும் இல்லை. மத்தியானம் அந்த ஊர்ப் பெண்கள் சோள ரொட்டியும் பீன்ஸும் கொண்டு வந்தார்கள். தட்டை நீட்டியவளின் வீடு எது, அதற்குக் கூரை இருக்கிறதா என்று நெல்டா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பெயரையும் கேட்கவில்லை. "தேங்க்ஸ் மேடம்" என்று வாங்கிக்கொண்டு, சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.