என் கோழிகளுக்கு வைத்த நல்ல தண்ணீர்

பிழைத்திருக்க வேண்டிய நான்கு கோழிகளை, என் பேச்சை நம்பி ஒரு பெண் தன் கையாலேயே கழுத்தைத் திருகிக் கொன்றாள். நான் சொன்ன நோய் அவற்றுக்கு இல்லை. அவள் கொன்ற ஒன்பதாம் நாளே அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை.

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருப்புல்லாணிக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் எங்கள் ஊர். மனைவி இறந்த பிறகு வீடு வெறிச்சென்று இருந்ததால் கோழி வளர்த்தேன். புத்தகங்கள் வாங்கிப் படித்தேன், ஒரு வாரப் பயிற்சிக்கும் போய் வந்தேன். அதிலிருந்து தெருவில் யார் வீட்டுக் கோழி தூங்கி விழுந்தாலும் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். கண்ணைப் பார்ப்பேன், கொண்டையைப் பார்ப்பேன், எச்சத்தைப் பார்ப்பேன். சொன்னது பலித்தும் வந்தது. அதனால் பெருமை ஏறிவிட்டது.

அந்த வருடம் பங்குனியில் முட்டை குறைந்துவிட்டதாகப் பெண்கள் சொன்னார்கள். மீன் தூள் போட்டால் முட்டை கூடும் என்றேன். அது சரிதான். ஆனால் தீவனத்துக்கு உப்பில்லாமல் காய்ந்த மீன் வேண்டும். நான் ஏற்பாடு செய்ததோ கடற்கரையில் கருவாடு உலர்த்தும் களத்தில் கூட்டி அள்ளிய தூள். மலிவாகக் கிடைத்தது. நான்கு வீட்டுக்கு மூட்டை வந்திறங்கியது. அதில் ஒன்று எனக்கு. என்னிடம் பழைய தீவனம் மீதி இருந்ததால் உடனே பிரிக்கவில்லை.

மூன்று வீடு தள்ளி இருந்த பெண்தான் முதலில் வந்தாள். கணவன் இல்லாதவள். கூலி வேலை இல்லாத நாட்களில் அவளுக்கு முட்டைதான் வருமானம். டீக்கடைக்கும் பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் கொடுப்பாள். மொத்தம் பதினொரு கோழி. ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சார், தண்ணி தண்ணின்னு அலையுது சார். பாத்திரம் கழுவுன தண்ணியக்கூட விட மாட்டேங்குது."

"காய்ச்சல் வந்தா தாகம் எடுக்கத்தாம்மா செய்யும்."

"தலைகீழா பிடிச்சா வாயிலருந்து தண்ணியா ஊத்துது. காலும் தள்ளாடுது."

"வெளியூர்க் கோழி எதுவும் வாங்குனியா?"

"வாங்கல. திருவாடானையில அண்ணன் வீட்டுலருந்து ரெண்டு கொண்டாந்தேன். அது ரெண்டும் நல்லாத்தான் சார் இருந்துச்சு."

"அப்ப அதுதான். வெள்ளைக்கழிச்சல்."

அவள் தயங்கினாள். "வெள்ளையா போகலையே சார். வெறும் தண்ணியால்ல போகுது."

நோயை அவளே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் காது இல்லை. ஒரு கோழியைக்கூட அறுத்துப் பார்க்கவில்லை. அந்த வாரத்துக்குள் அவளுக்கு ஏழு செத்தன. மூட்டை வாங்கிய மற்ற இரண்டு வீடுகளிலும் சாகத் தொடங்கின. ஒட்டுவாரொட்டி நோய்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மீதி நான்கையும் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, கூண்டையும் கொளுத்தச் சொன்னேன். செய்தாள்.

எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாகக் கடுத்துக் கிடக்கும். குடிக்கிற தண்ணீர் காலையில் லாரியில்தான் வரும், குடங்களை வரிசையில் வைத்துப் பிடிக்க வேண்டும். அந்த வரிசையில் நின்றுகொண்டு, நோய் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மூட்டை வாங்கியவர்களில் தெருமுனை வீட்டுக்காரிக்கு ஆறு கோழி செத்திருந்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஒங்கண்ணன் கோழியா குடுத்துவிட்டான்? ஊரை அழிக்க காலராவையில்ல கூடையில வச்சு அனுப்பிருக்கான்! எடுடி கொடத்த. எங்க கொடத்தோட ஒட்டாம கடைசியில வையி."

அவள் எடுத்துக் கடைசியில் வைத்தாள்.

நான் என் மூட்டையைப் பிரித்தது அதற்குப் பிறகுதான். சில நாளில் என் கோழிகளும் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராமல் குடித்தன, தள்ளாடின, ஒன்று செத்தது. என் கோழிகளுக்கு நானே தடுப்பு மருந்து போட்டிருந்தேன், வெள்ளைக்கழிச்சல் வர வழியில்லை. அறுத்துப் பார்த்தேன். அந்த நோய் இருந்தால் இரைப்பையில் ரத்தப் புள்ளிகள் தெரியும். ஒன்றுமில்லை. வயிற்றுக்குள் தெளிந்த நீர் கட்டி நின்றது. எழுந்துபோய் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளை நாக்கில் வைத்தேன். கரித்தது. அந்த உப்பைத் தின்றுவிட்டு, கடுத்த போர்த் தண்ணீரையும் குடித்தால் கோழி என்ன செய்யும்?

மருந்து மிகவும் எளியது. தூளை நிறுத்த வேண்டும், நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகக் குடிக்க விட்டால் அதுவே கொன்றுவிடும் என்பதால் மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். லாரித் தண்ணீரைக் கோழிக்கு ஊற்றுவதை எங்கள் ஊரில் யாரும் பொறுக்க மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வைத்தேன். மூன்றாம் நாள் எல்லாம் எழுந்து நடந்தன. மூட்டையைக் குழி வெட்டிப் புதைத்தேன். மற்ற வீடுகளுக்குப் போய், நோய்க் காலத்தில் மீன் தூள் ஆகாது என்று மட்டும் சொன்னேன். என் கோழிகள் எப்படித் தப்பின என்று கேட்டவர்களிடம், தடுப்பு மருந்து போட்டிருந்தேன் என்றேன். சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகவும் இருந்தது.

அந்தப் பெண் வேறு கோழி வாங்கி வளர்த்தாலும் அவளிடம் முட்டை வாங்க மாட்டோம் என்றார்கள். நண்டு உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். ஓடு கிழித்து விரல்களில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். அவள் குடம் கடைசியிலேயே நின்றது. காரணம் மறந்த பிறகும் இடம் மாறவில்லை.

போன தை மாதம் முனை வீட்டுக்காரி என்னிடம் வந்தாள். "சார், அவ மறுபடியும் கோழி வளக்கப் போறாளாம். கொட்டகை வேலை கைக்கு ஆகலையாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடங்குவா."

அன்று சாயங்காலமே மூன்று வீடு தள்ளி அவள் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: தூள், உப்பு, நான் அறுத்துப் பார்த்தது, கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் வைத்தது. அவள் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த நாலும் பொழச்சிருக்குமா சார்?"

"பொழச்சிருக்கும்."

"ஒண்ணு அடையில உக்காந்திருந்துச்சு சார். தூக்குறப்ப கையக் கொத்துச்சு."

ஆறு பெட்டைக் கோழிகள் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம். ஆசை இருந்துச்சு, இப்ப விட்டுப்போச்சு. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? லாரிக்கிட்ட நின்னு சொன்னீங்கள்ல, லாரிக்கிட்டயே வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை வரிசையில் நின்று சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு முனை வீட்டுக்காரி, "அப்ப எங்க ஆறு கோழியையும் கொன்னது நீங்கதானா சார்? இத்தனை நாளு முழுங்கிக்கிட்டு இருந்திருக்கீகளே!" என்றாள். ஒருத்தி சிரித்தாள். "விடுக்கா, சாருக்கு வயசாயிருச்சு" என்றாள் இன்னொருத்தி. கடைசியில் நின்றவள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு பெண் மட்டும் தன் குடத்தை நகர்த்தி நடுவில் இடம் விட்டாள். "இங்கன வந்து வையிக்கா."

"பழகிருச்சு. இங்கனயே இருக்கட்டும்" என்று அவள் கடைசியிலேயே நின்றாள்.

அன்றைக்கு லாரியில் தண்ணீர் குறைவு. அவள் முறை வருவதற்குள் குழாய் காற்றைத் துப்பியது. என்னிடம் இரண்டு குடம் நிறைந்திருந்தது. ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். குடத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"ஒங்க கோழிக்கு வைங்க சார்" என்று சொல்லிவிட்டுக் காலிக் குடத்தோடு நடந்தாள்.

இப்போது யாரும் என்னிடம் கோழி தூக்கி வருவதில்லை. அது நியாயம்தான். அன்று அந்தக் குடத்தை வீட்டுக்குத் தூக்கி வந்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கோழித் தொட்டியில் ஊற்றினேன். அவை வந்து குடித்தன.