ஜேபியைச் சுற்றிப் பார்த்த வியாழக்கிழமை

ஜேபி என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஜொகூர் பாருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், பதில் யோசிக்காமல் வாயில் வந்துவிடும். கண்ணாடிக் கோயில், பழைய கடைத்தெரு, கடலைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் பள்ளிவாசல். எப்போதும் இதே வரிசைதான். ஒன்பது வயதில், ஒரு பள்ளி விடுமுறையில், ஒரே பகலில் கால் வலிக்க நடந்து மனத்தில் பதிந்த வரிசை இது. அன்று எங்கள் குடும்பம் ஊர் பார்க்கப் போனதாகத்தான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்று பார்க்கப்பட வேண்டியவர் என் சித்தி.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்கள் வீடு வடக்கே சாஆ என்ற சிற்றூரில். சித்தி கூலாயில் அறை எடுத்துத் தங்கி, பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். கடுகளவு மின்னணுச் சில்லுகளை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, பழுது இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கும் வேலை. விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் கண்மேல் கையை வைத்துக்கொண்டு தூங்குவார். முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். ஒரு தடவை சித்தியின் போட்டோ வாட்சப்பில் எங்கெங்கோ சுற்றிவிட்டு எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அந்த அக்கா அதை அம்மாவிடம் காட்டி, "நல்லாத்தானே இருக்கு, ஏன் அமையல?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு சித்தி கறாராகச் சொல்லிவிட்டார்.

"தட்டு தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்க்கா. போட்டோவும் கிடையாது. பார்க்கணும்னா வெளிய வந்து பார்க்கட்டும். நானும் பார்க்கிறேன்."

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் ஜேபியில் இருந்த மாமா. ஜேபியை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில், அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு வரன் இருந்தது. இரண்டு குடும்பமும் ஜேபியைச் சுற்றிப் பார்க்க வரும். கண்ணாடிக் கோயிலில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். பிறகு நாலு இடம் சேர்ந்து சுற்றும். கல்யாணம் என்ற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. பேர், வேலை, வயது எல்லாம் மாமா மூலம் முன்பே பரிமாறப்பட்டுவிட்டதால் யாரும் யாரிடமும் விசாரிக்கவும் வேண்டியதில்லை. பிடித்தால் மாமா பேசுவார். பிடிக்காவிட்டால் ஊரைப் பார்த்ததாக ஆயிற்று, யாருக்கும் தலைகுனிவு இல்லை.

என்னிடம் இதில் எதுவும் சொல்லப்படவில்லை. "ஜேபி பார்க்கப் போறோம். வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கணும்" என்பது மட்டும்தான் அம்மா சொன்னது.

அன்று வியாழக்கிழமை. இதைப் பெரியவர்கள் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூலாயில் சித்தியை ஏற்றிக்கொண்டு ஜேபிக்குள் நுழையும்போது மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

"மச்சான், பாலத்துல மாட்டிக்கிட்டேன். ஜாம்னா ஜாம், நவர முடியலலா! நீங்க கோயிலுக்குப் போயிருங்க. மாப்பிள்ளை நீல பாத்தேக் சட்டை போட்டிருப்பாரு, கூட அவங்க அம்மா இருப்பாங்க. பார்த்தாலே தெரிஞ்சிரும். என் போன்ல பேட்டரி வேற..."

அதோடு சத்தம் நின்றுவிட்டது.

கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததும் நான் மற்றதையெல்லாம் மறந்துபோனேன். சுவர், தூண், மேற்கூரை எல்லாம் கண்ணாடி. நகத்தளவு சில்லுகளாக வெட்டிப் பதித்திருந்தார்கள். பச்சை, சிவப்பு, தங்கம் என்று நான் ஒரு அடி நகர்ந்தால் கோயிலே நகர்ந்தது. தூணில் என் முகத்தைத் தேடினேன். ஒரு சில்லில் கண், ஒன்றில் பல், இன்னொன்றில் ரிப்பன். சாமி எங்கே இருக்கிறார், வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தரையில் நடக்கலாமா கூடாதா என்று பயந்து ஒற்றைக் காலில் நின்றேன். திரும்பிச் சித்தியைப் பார்த்தால் அவர் வாயும் என் வாயைப் போலவே திறந்திருந்தது.

அம்மா அப்பாவின் முழங்கையை இடித்தார். விளக்குக்கு அருகே, பூ அச்சிட்ட நீல பாத்தேக் சட்டை போட்ட ஒருவர், சற்று வயதான ஓர் அம்மாளுக்கு எதையோ சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா செருமினார். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"சாஆ" என்றார் அப்பா, இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்கிற சிரிப்போடு.

"அட, சாஆவா! ரொம்பத் தூரம் ஆச்சே. நாங்களும் இன்னிக்குத்தான் சுத்திப் பார்க்க வந்தோம்."

அம்மா அப்பாவின் காதில், "நல்லாவே நடிக்கிறாரு" என்றார். என் காது அப்போதும் கூர்மைதான். நடிக்கிறார் என்றால் நடிகர்! தொலைக்காட்சியில் வருகிற ஒருவர் என் கண்முன்னால், செருப்பில்லாமல், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கோயில் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று எனக்கு மூச்சு முட்டியது.

அடுத்து கடைத்தெருவுக்குப் போவதாக அவர் சொன்னார். அப்பா, "நாங்களும் அங்கதான்" என்றார். எல்லாரும் நடந்தோம். உயரமான பழைய சீனக் கடைகள், மரச் சன்னல்கள், மேல்மாடிச் சுவரைப் பிளந்துகொண்டு முளைத்த செடிகள். விறகு அடுப்பில் வாழைப்பழ கேக் சுடும் ஒரு கடையில் பெரிய வரிசை நின்றது. வரிசை ஒரு பொருட்டே இல்லை என்பதுபோல ஒரு சீனக் கிழவர் துடுப்பு மாதிரி நீளக் கட்டையை அடுப்புக்குள் விட்டுத் தட்டுகளை இழுத்தார். அடுப்பு அவ்வளவு ஆழம் போகும் என்று நான் நினைக்கவே இல்லை. உள்ளே இன்னொரு தெரு இருக்கும் என்று தோன்றியது.

வரிசையில் அவரும் சித்தியும் நின்றார்கள். நடுவில் நான். பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி, சுவரில் வரைந்திருந்த படத்தை மும்முரமாகப் பார்ப்பதுபோல நின்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், நீங்க எந்த நாடகத்துல வர்றீங்க?"

"நாடகமா? நான் ஆபீஸ்லதான் வருவேன். அங்கயும் யாரும் பார்க்க மாட்டாங்கலா!"

சித்தி சிரித்தார். சித்தி சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் சித்தி தானாகப் பேசினார், கேள்வி கேட்டார். புது ஆளிடம் பேசுகிற தயக்கம் கொஞ்சமும் இல்லை. சித்தியைப் பொறுத்தவரை இவர் புது ஆளே இல்லையே. பேரிலிருந்து சம்பளம்வரை தெரிந்தவர். இவருக்கும் தன்னைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற தைரியத்தில் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"நான் வேலைய விடமாட்டேன். அத முன்னாடியே சொல்லிர்றேன்."

அவர் முழித்தார். பிறகு, "எதுக்கு விடணும்?" என்று கேட்டார்.

அந்த இரண்டு சொல் கேள்விக்காகத்தான் சித்தி அத்தனை வருடம் காத்திருந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வந்த மாப்பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அப்போது எனக்குத் தெரிந்தது, சித்தியின் காதுமடல் சிவந்ததும், அவர் என் தலையில் கை வைத்து வேண்டாத இடத்தில் ரிப்பனைச் சரிசெய்ததும்தான். கேக் கை சுடச்சுட வந்தது. முதல் துண்டு எனக்கு.

மேட்டுப் பள்ளிவாசலுக்கு இரண்டு கார்களில் போனோம். வெள்ளை வெளேரென்று, அரண்மனையா பள்ளிவாசலா என்று தெரியாதபடி நின்றது. அதன் மினாராக்கள் வெள்ளைக்காரன் ஊர் மணிக்கூண்டு மாதிரி இருப்பதை அவர் சுட்டிக் காட்டினார். அந்தக் காலத்து சுல்தான் கட்டியது என்றார். அவருடைய அம்மா, "இவனுக்கு ஊர் மாத்தி வந்ததுலேருந்து இதே வேலை, லீவு கெடைச்சா சுத்துறது. இன்னிக்கும் ஆபீஸ்ல தலையக் காட்டிட்டு, லீவு சொல்லிட்டு அப்படியே வந்துட்டான்" என்றார். ஊர் மாறி வந்தவர் என்பது மாமா சொன்னதோடு பொருந்தவில்லை. ஆனால் அம்மா அதை நல்ல நடிப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வெளிப்புறப் புல்வெளியிலிருந்து கடல் தெரிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் கட்டடங்கள்.

"அது எந்த ஊரு?"

"அது வேற நாடு" என்றார் அவர்.

ஒரு நாட்டில் நின்றுகொண்டு இன்னொரு நாட்டைப் பார்க்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தூரத்தில் பாலத்தின் மேல் லாரிகள் தீப்பெட்டி அளவில் நின்றன. கை நீட்டினால் எடுத்துவிடலாம் போலிருந்தது. காற்று என் கவுனைத் தூக்கியது. இவ்வளவு பெரிய உலகத்தை எங்கள் வீட்டிலிருந்து காரில் வந்து சேரும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள், இத்தனை நாள் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அழுகைகூட வந்தது.

சித்தி எனக்குப் பின்னால் நின்று மெல்லச் சொன்னார். "தினமும் இத்தனூண்டுதான் பார்க்கிறேன். இவ்ளோ பெருசா ஒண்ணைப் பார்த்து எத்தனை நாளாச்சு."

"அப்ப அடிக்கடி வாங்க" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் கைப்பேசி அடித்தது. மாமா வீடு போய்ச் சேர்ந்து, கைப்பேசியை மின்சாரத்தில் போட்டிருக்கிறார். அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது.

"அலமாக், எங்க மச்சான் போனீங்க? அவங்க வர கொஞ்சம் லேட்டாயிருச்சு, வந்ததுலேருந்து கோயில்லயே காத்துக்கிட்டு இருக்காங்களாம்!"

அப்பா கைப்பேசியைப் பார்த்தார், நீலச் சட்டையைப் பார்த்தார். சாலையோரம் ஒரு அரசாங்க வேன் நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் பாத்தேக் சட்டை. அதில் பாதி நீலம். வியாழக்கிழமை அரசாங்க வேலைக்காரர்கள் பாத்தேக்தான் போட வேண்டும். எங்கள் பள்ளி ஆசிரியர்களும் அப்படித்தான் வருவார்கள். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

அம்மா சித்தியின் காதில் ஏதோ சொன்னார். சித்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. போக மறந்து அங்கேயே நின்றது.

"பிள்ளைக்கு வயித்து வலி. நாங்க கெளம்புறோம்" என்றார் அப்பா.

"எனக்கொண்ணும் வலிக்கல!" என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் பதறிப்போய்த் தன் பையிலிருந்து தைலத்தை எடுத்து, கவுனுக்கு மேலேயே என் வயிற்றில் தேய்த்துவிட்டார். நீலச் சட்டைக்காரர் ஓடிப்போய்க் காரிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தார். சித்தி புட்டியை வாங்கிக்கொண்டு, "வர்றேன்" என்றார்.

"வாங்க" என்றார் அவர்.

கோயிலுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் இன்னொரு நீல பாத்தேக் சட்டை, இன்னொரு அம்மாவோடு உட்கார்ந்திருந்தது. அவர் காத்திருந்த களைப்பைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து நின்றார். அவர்தான் இன்று என் சித்தப்பா. நல்ல மனிதர், நிதானமானவர். சித்திக்குக் கண்வலி என்றால் சமையலறைக்குள் விடமாட்டார். இரண்டு பிள்ளைகளோடு பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறார்கள். குறை என்று விரல் வைக்க ஒன்றுமில்லை. அன்று அவரிடமும் சித்தி வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் கொஞ்சம் யோசித்து, தன் அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டார், சம்மதமும் வாங்கித் தந்தார்.

திரும்பும்போது முன்னால் அப்பாவும் அம்மாவும் மாமாவைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். நடுநடுவே அடக்க முடியாமல் சிரித்தார்கள். நான் பின்னால் சித்தியோடு உட்கார்ந்து அன்று பார்த்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். செனாய் தாண்டியதும் சித்தி என் பக்கம் குனிந்தார்.

"அவரு பேரு என்னன்னு கேட்டியா?"

"யாரு?"

"கேக் வாங்கிக் கொடுத்தாரே."

தெருவில் போகிற எல்லாரிடமும் பேர் கேட்கும் நான் அவரிடம் கேட்கவில்லை. "அவங்க அம்மா தம்பின்னுதான் கூப்பிட்டாங்க. அவருதான் உங்க பேரு கேட்டாரு. கார் நிறுத்துறப்ப. சொன்னேன்."

"கேட்டு என்ன சொன்னாரு?"

"நல்ல பேருன்னு சொன்னாரு."

சித்தி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூலாயில் இறக்கிவிடும்வரை திரும்பவே இல்லை. நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். வெளியே செம்பனை மரம், அதை விட்டால் செம்பனை மரம். ஜேபியையே பார்த்துவிட்டு வந்த பிறகு, அதில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.