நான் கொடுத்த தேனடை

வடகவுஞ்சியில் தேனீ வளர்க்கிறேன் என்றால், "ஆகா, நிம்மதியான வாழ்க்கை" என்பார்கள் கொடைக்கானல் டவுன்காரர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்டியைத் திறந்தால் தேனீயின் இளம்புழுக்கள் நோயில் அழுகி நாறுகிற வருஷத்தில் வந்து பார்க்கட்டும்.

அப்படியொரு மழைக்காலத்தில்தான் ஒரு பெட்டிக்கு மருந்து வைத்தேன். மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துச் சீனிப்பாகில் கரைத்து உள்ளே வைத்தேன். அது தேனில் தங்கிவிடும், வைக்கவே கூடாது என்று எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இந்தப் பெட்டியில் தேன் எடுக்கப்போவதில்லை, யாருக்கு என்ன கெட்டுவிடும் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். பெட்டி தேறியது. ஈக்கள் பாகைக் குடித்துக் குடித்து அடையையெல்லாம் நிரப்பின.

அந்தச் சமயத்தில் கீழ்த்தோட்டத்துப் பெண் வந்து நின்றாள். சிலோன் எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கூலிவேலைக்கு நடுவே நான்கு பெட்டி வைத்திருந்தாள். மழையில் பூ இல்லாமல் அதில் ஒன்று பட்டினி கிடந்தது. நலிந்த பெட்டிக்கு நிறைந்த பெட்டியிலிருந்து ஓர் அடை எடுத்துக் கொடுப்பது எங்களுக்குள் வழக்கம். எது நிறைந்திருந்ததோ அதிலிருந்து கொடுத்தேன். அடையைக் கொடுப்பதும் தேனைக் கொடுப்பதுதான் என்று எனக்கு உறைக்கவில்லை.

கோடையில், சங்கத்திடம் தேன் வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவர் தேனிலும் மாதிரி எடுத்துப் போனார்கள். அவள் தேனில் மட்டும் மருந்து இருப்பதாக ரிசல்ட் வந்தது. சங்கக் கூட்டத்தில் அவளை நிற்கவைத்துக் கேட்டார்கள்.

"முருகன் மேல சத்தியமா நான் எந்த மருந்தும் வைக்கலீங்க," என்றாள்.

"மெஷின் பொய் சொல்லுமா? ஒன்னால எல்லார் தேனுக்கும் கெட்ட பேரு," என்றார் தலைவர். அவளைச் சங்கத்திலிருந்து நீக்குவதென்று முடிவானது. சங்கத்துக்கு வெளியே அவள் தேனை வாங்க ஆளில்லை.

அவள் அங்கே நிற்கும்போதுதான் எனக்கு அந்த அடை நினைவுக்கு வந்தது. எழுந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அன்று எழாததற்கு அலுப்புதான் காரணம் என்று பிற்பாடு பல நாள் சொல்லிக்கொண்டேன். பயம்தான்.

மறுநாள் விடிந்ததும் கீழே இறங்கிப் போனேன். அவள் பெட்டிகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் குடுத்த அடையிலதாம்மா மருந்து இருந்துச்சு."

அவள் நிமிரவில்லை. "தெரியும்ண்ணே. வெளியில இருந்து என் பெட்டிக்குள்ள வந்தது அது ஒண்ணுதானே."

"பெறகு ஏன் கூட்டத்துல சொல்லல?"

"கேட்டதும் குடுத்த மனுசன். நீங்களே சொல்லிருவீங்கன்னு ஒங்களையே பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க தரையையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

தலைவர் வீட்டுக்கு மேடேறிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மழை போய்விட்டது. அவள் என்னிடம் அடை கேட்டு வந்ததில்லை.