கட்டிலக்காவின் இல்லாத போன்

கட்டிலக்கா வலது கையால் ஒரு தலையணையைக் கட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறார். இடது கைக் கட்டைவிரல் போனில் எண்களைத் தேடுகிறது. தலையணை நழுவினால் தோல்வி. முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் கடைக்குள் நுழைந்தபோது மூன்றாவது முறையாகத் தோற்றுக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா சார், நாலு தடவ அமுக்கச் சொல்றான். அதுக்குள்ள ஆளு கீழ விழுந்துருவாரு" என்றார். தலையணைதான் அந்த ஆள். தனக்கு போன் செய்கிறவர்களில் பாதிப்பேர் ஒரு கையால் நோயாளியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் என்பது அவர் கணிப்பு. தன் தொழிலுக்கு எந்தத் தொலைபேசிச் சேவை சரிப்படும் என்பதை இரண்டு வாரமாக இப்படித்தான் சோதித்துக்கொண்டிருந்தார்.

நோயாளிகள் படுக்கும் கட்டில்களை வீடுகளுக்கு வாடகைக்கு விடுவது அவர் தொழில். தலைப்பக்கம் உயரும் கட்டில், பக்கக் கம்பி வைத்த கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி. ஒரு காலத்தில் கார்கள் நின்ற நீளமான கொட்டகைதான் கடை. பின்பக்கம் கணவர் உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றி மாட்டுவார். கணவரின் தம்பி வேன் ஓட்டுவார். இந்த மூவர்தான் நிறுவனம். வேன் தம்பி 'அண்ணி' என்று கூப்பிடுகிறார். மற்ற அனைவருக்கும் அவர் கட்டிலக்கா. தன்னைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் மறுப்பதில்லை.

போனை எடுத்ததும் அவர் 'ஹலோ' சொல்வதில்லை. "சொல்லுங்க, யாருக்கு?" என்பார். அடுத்த கேள்வி, "ரூம் கதவு உங்க கையால எத்தன ஜாண்?" டேப் எடுத்து அளக்கச் சொன்னால் வீட்டில் டேப் கிடைக்காது, அதற்கொரு சண்டை நடக்கும், கை எல்லோரிடமும் இருக்கிறது என்பது அவர் விளக்கம். குரலை வைத்தே ஆளின் உயரத்தை ஊகித்து, ஜாணைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை தப்பி, கட்டிலைப் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்ற வேண்டியிருந்தது. "இடி மாதிரி குரல்ல பேசுனாரு சார். போய்ப் பாத்தா ஒரலு ஒசரந்தான் நிக்கறாரு" என்று இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. திரும்பி வந்த கட்டில் எதுவானாலும், துடைத்துக் கழுவிக் காயவைத்த பிறகு, அதில் ஐந்து நிமிடம் தானே படுத்துப் பார்ப்பார். புரண்டு படுத்து எங்கே கிறீச்சிடுகிறது என்று கேட்பார். வாடிக்கையாளர் எவராவது அந்த நேரம் வந்துவிட்டால் படுத்தபடியே பேசுவார். அதைப் பார்த்து நோயாளியே கடை நடத்துவதாக நினைத்துத் திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள் என்பார் கணவர்.

பதினோரு வருடமாக ஒரே போன், ஒரே எண். அது அவர் இடுப்புப் பையில் இருக்கும். அதில் குறை ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. தவறிய அழைப்புகளை மத்தியானம் வரிசையாகத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார். ஆனால், வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது வந்து, 'பிஸி' ஒலியைக் கேட்டுத் துண்டிக்கப்பட்ட அழைப்புகள் அந்தப் பழைய போனில் எந்தச் சுவடும் வைப்பதில்லை. இது அவருக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

ஒருநாள் காலை ஓர் ஆசாமி நடந்தே கடைக்கு வந்தார். மனைவிக்காகக் கட்டில் எடுத்திருந்தவர். அதைத் திரும்ப எடுத்துப் போகச் சொல்ல நான்கு நாளாகத் தினமும் ஒன்பது மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார். மருத்துவமனைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நேரம் அது, போன் ஓயாது. ஒவ்வொரு நாளும் பிஸி ஒலிதான். இரண்டாம் தடவை கூப்பிட்டால் தொந்தரவாக இருக்குமோ என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் நேரில் வந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "கட்டில் அங்கயே இருக்குங்க. நான் சமையல்கட்டுல படுத்துக்கறேன்."

அந்த மனிதர் கோபப்படவில்லை. தாமதத்துக்குத் தானே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் கட்டில் கடைக்கு வந்துவிட்டது. ஆனால் கட்டிலக்கா அன்று அதில் படுத்துப் பார்க்கவில்லை. "திட்டியிருந்தாக்கூடத் தேவல சார். நாலு நாளு. அந்தாளு ரூம் வாசல்ல நின்னு போன் பண்ணியிருப்பாரு, கட்டிலப் பாத்துக்கிட்டே" என்று என்னிடம் சொன்னார். இனி ஒருவருக்கும் அப்படி நேரக்கூடாது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. புதிய வாடிக்கையாளர் போனால் போகட்டும். அவருக்கு வேறு கடை கிடைக்கும். எடுத்துப் போகச் சொல்லிக் கூப்பிடுகிறவருக்கு வேறு கடை கிடையாது.

இப்படித்தான் அந்தக் கொட்டகைக்கு மெய்நிகர் தொலைபேசி வந்து சேர்ந்தது. கடையில் கருவி எதுவும் வைக்க மாட்டார்கள். எண் ஒன்றுதான், அழைப்பு இணையம் வழியாக வந்து மூவரின் கைப்பேசிகளில் எதில் வேண்டுமானாலும் ஒலிக்கும். ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்குப் போகும். இதைக் கணவர் விளக்கியபோது, "போனே இல்ல, ஆனா மாச வாடக மட்டும் உண்டா? நம்ம கட்டிலாவது கண்ணுக்குத் தெரியும்" என்றாராம் கட்டிலக்கா. அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'இல்லாத போன்'.

மூன்று நிறுவனங்கள் இரண்டு வாரம் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கத் தந்தன. முதல் நிறுவனத்தில் காத்திருப்பவருக்குப் புல்லாங்குழல் கேட்கும். கட்டிலக்கா தலையணையைப் பிடித்தபடி முழுவதும் கேட்டார். "வீட்ல ஒருத்தரு முனகிட்டு இருக்கும்போது இவன் எதுக்கு வாசிக்கறான்?" அதோடு அவர்கள் நினைவில் நிற்கும் புது எண் ஒன்றை இலவசமாகத் தர முன்வந்தார்கள். பழைய எண் எத்தனையோ வீடுகளில் அலமாரிக் கதவுக்குப் பின்னால், மருந்துச் சீட்டின் முதுகில், ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் எழுதிக் கிடக்கிறது. அதையெல்லாம் யார் போய் அழித்து எழுதுவது என்று கேட்டார்.

இரண்டாவது நிறுவனம்தான் நான்கு முறை அமுக்கச் சொன்னது. அதைக்கூடக் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் பத்து நொடி பேச்சில்லாவிட்டால் இணைப்பு தானாக அறுந்துவிடும். வீண் அழைப்புகளைத் தவிர்க்கும் வசதி என்று பெருமையாக விளக்கினார் வந்திருந்த இளைஞர். கட்டிலக்கா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, எங்களக் கூப்புடறவங்க மொத பத்து செகண்டு பேச மாட்டாங்க. பேசாததுதான் எங்களுக்கு வர்ற போனு." அந்த இளைஞர் அதைக் குறித்துக்கொண்டு போனார். எந்தத் தலைப்பின் கீழ் குறித்தாரோ.

மூன்றாவது சேவையில் அலங்காரம் ஏதும் இல்லை. பழைய எண்ணையே புதிய சேவைக்கு மாற்றித் தருவார்கள். மௌனத்தைத் துண்டிப்பதில்லை. ஒரே ஒரு முறை அமுக்கினால் போதும். எல்லா உரையாடலையும் பதிவு செய்து வைப்பார்களாம். அதை மட்டும் நிறுத்தச் சொன்னார். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் உதவுமே என்றார் அந்த நிறுவனத்துப் பெண். "அவங்க அழறத நான் எதுக்கும்மா சேத்து வைக்கணும்?" என்று கேட்டதும் அந்தப் பெண் படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டார்.

எண் மாறும் அன்று ஒரு மணி நேரம் இணைப்பு இருக்காது என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக, அப்போது கட்டில் இருந்த எல்லா வீடுகளுக்கும் முன்கூட்டியே கூப்பிட்டு, கணவரின் எண்ணைக் கொடுத்து வைத்தார்.

மீதி இருந்தது, கூப்பிடுகிறவருக்குக் கேட்கும் முதல் வாக்கியம். கணவர்தான் முதலில் எழுதினார்: 'கட்டில் வேண்டுமானால் ஒன்று, வேண்டாமென்றால் இரண்டு.'

"வேணாம்னா எதுக்குங்க போன் பண்றாங்க?" என்றார் கட்டிலக்கா.

வேன் தம்பி சிரித்த சிரிப்பில் கணவர் தாளைக் கசக்கிவிட்டுச் சக்கரங்களிடம் போய்விட்டார். பிறகு அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் புத்தகம் படிக்கிறவன் என்பது அந்தக் கடையில் தெரிந்த விஷயம். அக்கறையாகத்தான் எழுதினேன்: 'தங்கள் அழைப்புக்கு நன்றி. கட்டில் தேவைப்படுவோர் ஒன்றை அழுத்தவும். திருப்பி ஒப்படைக்க விரும்புவோர் இரண்டை அழுத்தவும்.'

அவர் எழுத்துக் கூட்டுவதைப் போல மெதுவாகப் படித்தார். "மூச்சு வாங்கிட்டு இருக்கறவங்களுக்கு எதுக்கு சார் நன்றி?" என்று முதல் வாக்கியத்தை அடித்தார். அடுத்ததில் பேனா நின்றது. "விரும்புவோரா? யாரு சார் விரும்புனா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த இரண்டாம் அழைப்பை நானே செய்திருக்கிறேன். என் அப்பா ஏழு மாதம் அவருடைய கட்டிலில் இருந்தார். முடிந்த அன்று அவரைக் கூப்பிட்டேன். மரணத்தைப் பற்றி ஒரு அலமாரி நிறையப் படித்திருந்தும், "கட்டில்..." என்பதற்கு மேல் எனக்கு வினைச்சொல் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. மறுமுனையில் அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு, "வர்றோம் சார்" என்றார். பாராட்டுவதில் நான் கஞ்சன். நல்லவர்கள் என்று பெயர் எடுத்தவர்களிடம் எனக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆனால் என் வாக்கியத்தை நான் முடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டவர் அவர் ஒருவர்தான். அந்த நன்றியை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால், சக்கரத்துக்கு எண்ணெய் விட வேண்டும் என்று எழுந்து போய்விடுவார்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போனை வாயருகே வைத்து, அவரே பேசினார். "கட்டில் வேணும்னா ஒண்ணு அமுக்குங்க. கட்டில் வேல முடிஞ்சிருந்தா ரெண்டு அமுக்குங்க." அவ்வளவுதான். எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டவர்கள் வீட்டிலும் கட்டிலின் வேலை முடிந்திருக்கிறது. மற்ற வீட்டிலும் முடிந்திருக்கிறது. எது என்று எந்திரத்திடம் சொல்ல வேண்டியதில்லை. பின்னணியில் கணவர் சுத்தியலால் தட்டுவது கேட்கிறது, மறுபடி பதிவு செய்யலாமா என்று கேட்டார் நிறுவனத்துப் பெண். கடை என்றால் சத்தம் இருக்கும், இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஒன்றை அமுக்கினால் கணவருக்கும் தம்பிக்கும், இரண்டை அமுக்கினால் தனக்கு மட்டும் என்று பிரித்தபோது வீட்டில் சின்னத் தகராறு. ஆள் பிடிக்கிற பேச்சு அவருக்குத்தான் வரும், புது அழைப்புகள் அவருக்கே வரட்டும் என்றார் கணவர். "ஜாண் கேக்கறதுக்கு நான் எதுக்கு? உங்களுக்கும் வாயிருக்குல்ல" என்று முடித்துவிட்டார். தன் போன் பிஸியாக இருந்தால் இரண்டாம் அழைப்பு உடனே கணவருக்குப் போகும்படியும் செய்துகொண்டார். பிஸி ஒலி என்ற ஒன்று மட்டும் அந்த எண்ணில் யாருக்கும் கேட்கக்கூடாது.

எண் மாறிய மறுநாள் முதல் 'இரண்டு' அழைப்பு வந்தது. கட்டிலக்கா எழுந்து நின்று எடுத்தார். ஒரு நொடி கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கூப்பிட்டவர் வெல்டர். கால் உடைந்த கட்டில் ஒன்று பற்றவைக்க அவரிடம் போயிருந்தது. "கட்டில் வேல முடிஞ்சிருச்சுக்கா. அதான் ரெண்டு அமுக்கச் சொன்னீங்களே" என்றாராம். அவர் மீது தப்புச் சொல்ல யாராலும் முடியவில்லை. இப்போது வேலை முடியும் ஒவ்வொரு முறையும் வெல்டர் இரண்டைத்தான் அமுக்குகிறார். மாற்றச் சொல்லலாமே என்றேன். "வரட்டும் சார். நல்ல சேதியும் அதுல வரட்டுமே" என்றார்.

போன வாரம் போயிருந்தேன். கணவர் போனில் யாரிடமோ ஜாண் கேட்டுக்கொண்டிருந்தார். வேன் தம்பி இன்னொரு போனில் வழி கேட்டுக்கொண்டிருந்தார். மணி ஒன்பது பத்து. பழைய கணக்கில் பிஸி ஒலி கேட்கிற நேரம். அப்போது கட்டிலக்காவின் கையில் போன் அதிர்ந்தது. திரையைப் பார்த்து எழுந்தார். காதில் வைத்துக் கேட்டார். வெல்டர் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. "ம்" என்றார். மறுபடியும் "ம்." கடைசியில், "வர்றோம்மா. கதவ மட்டும் தொறந்து வையுங்க" என்று சொல்லி வைத்தார்.

தம்பிக்குக் கையைக் காட்டிவிட்டு வெளியே நடந்தார். வேனின் கதவில் காந்தத்தால் ஒட்டிய விளம்பரப் பலகை ஒன்று இருக்கிறது. 'நோயாளிக் கட்டில்கள் வாடகைக்கு' என்ற பெரிய எழுத்துகளும் அந்த எண்ணும். அதன் ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்து, சத்தம் வராமல் மெல்ல உரித்தெடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி இருக்கைக்கு அடியில் வைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.