பதினெட்டு வளைவு ஏறிய தோணி

உருவிலான் ஒருவன் உலகெலாம் படைத்தோன்
கருவினுள் வைத்துக் காத்தருள் புரிவோன்
வருவழி யெல்லாம் வழித்துணை யாவோன்
திருவருள் போற்றித் தொடங்குவன் யானே.

அவனைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் மீது ஸலவாத்து என்னும் வாழ்த்துரை சொல்லி இதனை எழுதுகிறேன். இன்று றபீஉல் அவ்வல் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. எங்கள் தம்பியார் இறையழைப்பை ஏற்றுப் பிறைக்கணக்கில் ஓராண்டு நிறையும் நாளும் இதுவே. நினைவு நாளில் ஓதும் இந்தக் கத்தத்திற்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களுக்கு, அவருடைய மூத்த சகோதரி என்ற உரிமையில் ஒரு வெற்றியின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அழுது முடித்துவிட்டோம், இனி அவரை நினைந்து மகிழ்வதே அவருக்குப் பிடிக்கும்.

தம்பியார் கல்முனையில் பிறந்தார். வாப்பாவுக்குச் சாகாமத்தில் வயல் இருந்தது. வாப்பா மவுத்தாகி எங்களைப் பிரிந்தபோது தம்பியார் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார். அந்த வாரமே பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு, அக்கரைப்பற்றில் உழவு இயந்திரம் திருத்தும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணமுடிக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி, மூன்று சகோதரிகளுக்கும் வீடு எழுப்பிய பின்னரே தாம் மணமகனானார். நான் இப்போது அமர்ந்து எழுதுகின்ற இந்த அறையின் கூரைமரமும் அவர் தோளில் சுமந்து வந்ததுதான். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவருடைய சொந்தப் பட்டறை மணலாயிற்று. மணலைக் கிளறி ஒரே ஒரு ஸ்பானரை எடுத்தார். "இது காணும் ராத்தா, போதும்," என்றார். அதைக் கொண்டே மீண்டும் தொடங்கினார்.

அவருடைய துணைவியாரை நான் மச்சி என்றே அழைப்பேன். அவரும் என்னை அப்படியே அழைப்பார். இருவரும் மோட்டார் சைக்கிளில் போகாத ஊர் இந்தக் கரையில் இல்லை. பிறகு மச்சிக்கு முதுகுத்தண்டில் நோய் கண்டது. உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முழங்கால்கள் மடங்காமல் போயின. கால்களை நீட்டியபடிதான் அமர முடியும். பேருந்தும் முச்சக்கர வண்டியும் அவருக்கு இல்லையென்றாயின. ஒருமுறை வேனில் படுக்கவைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபின் அவர் வாசலைத் தாண்டவே மறுத்துவிட்டார்.

அந்த நிலையில்தான் மலைநாட்டிலிருந்து செய்தி வந்தது. அவர்களுடைய ஒரே மகள் கண்டிப் பக்கத்தில் ஆசிரியையாக இருந்தாள். தலைப்பிள்ளை வயிற்றில், பயணம் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் தலைப்பேறு தாயின் கைக்குள் நடக்க வேண்டும். மகள் தாயிடம் வர வழியில்லை. தாய் மகளிடம் போக வேண்டும். மூன்று மாதம் இருந்தது.

வேனிலேயே கொண்டுபோகலாம் என்று நாங்கள் சொன்னோம். மச்சி தம்பியாரைப் பார்த்தார்.

"இஞ்சாருங்க, என்னைய உசிரில்லாத மையித்து மாதிரிப் படுக்கவெச்சிக் கொண்டு போகாதீங்க. பேரப்புள்ளயப் பாக்கப் போற நான், வேன்ட முகட்டப் பாத்துக்கிட்டா போற? நிமிந்து குந்தித்தான் வருவன்."

தம்பியார் மச்சியின் நீட்டிய கால்களைச் சாணால் அளந்தார். பிறகு, "சரி, குந்தவெச்சே கொண்டு போறன்," என்றார்.

அவரிடம் நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்யப்பட்ட பழைய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. ஏலத்தில் துண்டு துண்டாக எடுத்துத் தாமே பொருத்திப் பூட்டியது. அதன் பக்கத்தில் மூன்றாவது சக்கரமாக ஒரு சில்லோடு ஓர் இருக்கையைப் பொருத்தப் போவதாகச் சொன்னார். அந்த இருக்கையைச் செய்து தந்தவர், ஒலுவில் துறைமுகத்தருகே கண்ணாடியிழைத் தோணி கட்டும் நாகமணி அண்ணன். கால் நீட்ட இடம் வேண்டுமென்பதால் முன்பக்கத்தைத் தோணியின் கூர்முனையான அணியம் போலவே நீட்டி வார்த்தார்.

"தோணிக்குச் சில்லு வெச்ச மொதல் ஆள் நீதான் தம்பி. துடுப்பு ஒண்டும் செஞ்சு தரட்டா?"

"வேணாம் அண்ணன். மலையில எங்க தண்ணி?"

"தேயில மலையில தேத்தண்ணி இரிக்கே!"

அன்றிலிருந்து ஊரெல்லாம் அதற்குத் தோணி என்றே பெயர்.

இனி எழுதப்போவதை இதுவரை எவரும் அறியார். தோணியைப் பூட்டும் நாளில் நான் பட்டறைக்குப் போயிருந்தேன். உண்பதும் உடுப்பதும் பள்ளிவாசலில் கால் வைப்பதும் வலத்தால் என்று வளர்ந்தவள் நான். "பொஞ்சாதிய வலப்பக்கம் வை தம்பி. நல்ல காரியம் எல்லாம் வலத்தாலதான்," என்றேன். தம்பியார் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றார். இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் நாட்டில் இருக்கை இடப்பக்கமே இருக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் மூத்தவளின் சொல். "ஓம் ராத்தா," என்று வலப்பக்கமே பூட்டினார்.

முதலோட்டத்துக்கு மச்சியை ஏற்றவில்லை. மச்சியின் நிறைக்கு நிறை நெல்லை மூடைகளில் கட்டி ஏற்றினார். அக்கரைப்பற்று வீதியில் எதிரே பேருந்து வந்தது. தோணியோ வீதியின் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. பேருந்துச் சாரதி முழுப் பலத்தோடு பிரேக் பிடித்தார். அப்படியும் பேருந்தின் விளிம்பு ஒரு மூடையைக் கிழித்துவிட்டது. வழிநெடுக நெல் கொட்ட, தம்பியார் மெல்ல வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

சந்தியில் கடை வைத்திருப்பவர் விடுவாரா? "என்ன மச்சான், தார் ரோட்டுலயும் வெதைக்கத் தொடங்கிட்டயா? வாய்க்கால எப்ப தொறக்கிற?"

"என்ட கணக்குப் பிழ மச்சான்," என்றார் தம்பியார்.

கேட்டவர்கள் எல்லாருக்கும் அதே பதில். மவுத்தாகும் வரை அதே பதில். அது அவருடைய பிழையன்று, என்னுடையது. கிழிந்த அந்த மூடையிருந்த இடம் மச்சியின் இடம்.

அன்று மாலை அஸர்த் தொழுகைக்குப் பின்னும் சோற்றைத் தொடாமல் இருந்தேன். தம்பியார் வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"ராத்தா, ஒண்டு கேக்கட்டா? அவ என்ட இடப்பக்கம் குந்தினா, அவக்கு வலப்பக்கம் ஆரு?"

"நீதான்."

"அப்ப நீங்க சொன்ன வலம் அவக்குக் கிடைச்சிட்டு. சாப்பிடுங்க."

ஓதியும் படித்தும் முதிர்ந்தவள் என்று என்னை ஊர் சொல்லும். அந்தச் சமாதானம் எனக்குத் தோன்றவில்லை. பிழை செய்தவளின் மானத்தையும் காத்து, தாயாகப் போகின்ற மகளின் காரியத்தையும் காக்கும் வழி அவருக்குத்தான் தோன்றியது.

மறுநாள் தோணி இடப்பக்கம் மாறியது. அதன்பின் அவர் செய்த வேலைகளை என் அறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன். மூன்றாவது சில்லை நேராக வைத்தால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். ஆகவே அதன் முன்புறத்தை ஒரு விரலகலம் உள்ளே திருப்பினார். வண்டியைத் தோணிக்கு எதிர்ப்பக்கம் சற்றே சாய்த்து நிறுத்தினார். கைப்பிடி திரும்ப மறுத்தது. முன்சில்லை இருபுறமும் தாங்கும் கவர்க்கம்பியை அறுத்து, சில்லு சிறிது முன்தள்ளி நிற்கும்படி வேறு கை வைத்து ஒட்டினார், கைப்பிடியின் பாரம் பாதியாயிற்று. பின்சில்லுக்குக் காரின் தட்டையான டயர். மூன்றாவது சில்லுக்கும் ஒரு பிரேக். ஒரே மிதியில் இரண்டும் பிடிக்கும்.

ஆனால் மலை? எங்கள் கரையில் மேடு என்று சொல்லச் சாகாமத்துக் குளக்கட்டு ஒன்றுதான். நெல் மூடைகளோடு அதில் ஏற்றிப் பார்த்தார். நடுவழியில் இயந்திரம் மூச்சடைத்து நின்றது. பின்பக்கப் பற்சில்லைக் கழற்றி, கூடிய பற்கள் உள்ளதைப் போட்டார். வேகம் குறையும், இழுவை கூடும் என்றார். மறுமுறையும் நின்றது. இன்னும் பெரியதைக் கடைந்து போட்டார். மூன்றாம் முறை, வயலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்திருக்க, வண்டி கட்டின் மேல் ஏறிக் குளத்தைப் பார்த்து நின்றது.

செய்தி கேட்ட மச்சி சொன்னார்: "ஏறினது சரி. நான் எத்தின மூட என்டு சாகாமம் முழுக்க இப்ப தெரியும்!"

வாகனப் பரிசோதகர் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்திட்டார். மகளுக்கு நாள் நெருங்கியிருந்தது.

விடியலில் ஸுபஹ் தொழுதபின் புறப்பட்டோம். தோணியில் மச்சி நிமிர்ந்து அமர்ந்திருந்தார். என் மகன் ஓட்டிய வேன் பின்னால் வந்தது. உள்ளே மெத்தை ஒன்றை மடித்து வைத்திருந்தோம், வண்டி நின்றுவிட்டால் மச்சியைப் படுக்கவைப்பதற்காக. அந்த மெத்தையின் அருகில் நான் இருந்தேன். அது மடிப்புக் கலையாமல் கிடக்க வேண்டுமென்பதே வழிமுழுதும் என் துஆ.

மகியங்கனை கடந்து பதினெட்டு வளைவு என்னும் மலையேற்றம் தொடங்கியது. வளைவுக்கு ஓர் அடியாக முனாஜாத்து என்னும் வேண்டுதல் பாட்டைச் சொல்லி வந்தேன். வலப்பக்க வளைவுகளில் குறையில்லை. இடப்பக்கம் திரும்பிய ஒரு கொடிய வளைவில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தோணியின் சில்லு தரையை விட்டு எழுந்தது. பாட்டு பாதி அடியில் நின்றது. அப்போது மச்சி விளிம்பைப் பிடித்துத் தம் உடலை இடப்பக்கம் முழுதாகச் சாய்த்தார். சில்லு தரையில் அமர்ந்தது. தம்பியார் திரும்பிப் பார்த்ததும், எங்களுக்கே கேட்கும் குரலில் மச்சி சொன்னார்:

"என்ன, நெல்லு மூட என்டா நெனச்சீங்க? மூட சாயாது. நான் சாய்வன்! நீங்க ரோட்டப் பாருங்க!"

அதன்பின் ஒவ்வோர் இட வளைவிலும் அவர் சாய்ந்தார், தம்பியார் ஏற்றினார். நோய் வந்தநாள் முதல் பிறர் தூக்கவும் வைக்கவும் இருந்தவர், அன்று மூன்று சில்லு வண்டியின் பாதி ஓட்டுநர். உச்சியில் தேநீர்க்கடைச் சிங்கள முதலாளி வெளியே வந்து கைதட்டினார். இஞ்சி போட்ட தேநீரைத் தோணிக்கே கொண்டுவந்து கொடுத்தார். மெத்தை மடிப்புக் கலையவில்லை.

மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள், தாயின் தாய் பக்கத்தில் இருக்க. தம்பியார் பிள்ளையை ஏந்தி, வலக்காதில் தொழுகையழைப்பாகிய பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொன்னார். இருபுறமும் அவனுடைய பெயரே ஒலித்தது. நான் என் வலத்தை நினைத்துத் தலைகுனிந்து, பின் சிரித்தேன்.

அதன்பின் அவ்விருவரும் தோணியில் போகாத கலியாண வீடில்லை. மகளும் இடமாற்றம் பெற்று ஊருக்கே வந்துவிட்டாள்; பேத்தி இப்போது முதலாம் வகுப்பு.

இறுதி நாட்கள் நீளமானவையல்ல. இருதயம் தளர்ந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னபின் ஐந்து வாரம் இருந்தார். அந்த நாட்களிலும் அஸருக்குப் பின் பட்டறைக்குள் போவார். ஓய்ந்திருக்கச் சொல்லிக் கடிந்தேன். "சின்ன வேல ஒண்டு மிச்சம் ராத்தா," என்பார். என்ன வேலை என்று சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை மாலை, மச்சியின் வலப்பக்கம் அமர்ந்திருந்தபடியே கலிமாச் சொல்லிக் கண் மூடினார்.

கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலத்தை மச்சி முடித்த நாளில், தம்பியாரை அடக்கிய கபுறடிக்குப் போய் வெளியில் நின்றாவது ஸலாம் சொல்ல வேண்டும் என்றார். எப்படிப் போவது? மச்சியின் மருமகனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்வரும் மகள், சும்மா பார்ப்போம் என்று தோணியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். ஏறியவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"என்ன மகள்?" என்றேன்.

"மாமி, கால் நிலத்தில முட்டுது. முந்தி முட்டாது. கிளச்சும் கைக்குக் கிட்ட வந்திரிக்கி. என்ட வெரலுக்குச் சரியா இரிக்கி மாமி."

ஆசனத்தைத் தாழ்த்தியிருந்தார். கைப்பிடியை இன்னும் இலேசாக்கியிருந்தார். மிச்சமிருந்த சின்ன வேலை அதுதான்.

முற்றத்தில் ஓட்டிப் பழகியபின், அன்று மகள் ஓட்ட, மச்சி இடப்பக்கம் நிமிர்ந்து அமர, தோணி கல்முனை வீதியில் போனது. சந்திக் கடைக்காரர் எழுந்து நின்றார். முதல் இட வளைவில் மச்சி சாய்ந்தார்.

எங்கள் நன்றிக்கு உரியோர் பலர். ஜனாஸாவைச் சுமந்தவர்கள், கபுறு வெட்டியவர்கள், கண்விழித்துப் பார்த்த வைத்தியர்களும் தாதியரும், தோணி வார்த்துத் தந்து ஜனாஸாவுக்கு முதல் ஆளாக வந்து நின்ற நாகமணி அண்ணன், அன்று பிரேக் பிடித்த பெயரறியாச் சாரதி, மலையுச்சியில் தேநீர் தந்தவர் ஆகிய அனைவருக்கும் இறைவன் நிறைவான கூலி அருள்வானாக. தம்பியாரின் கபுறை விசாலமாக்கி ஒளியால் நிரப்புவானாக.

இதை வாசிக்கும் உங்கள் ஒவ்வொருவரின் பயணத்திலும் ஏற்றத்தை இலேசாக்கி, வளைவில் உடன்சாயும் ஒரு துணையைத் தந்து, போய்ச்சேர வேண்டிய வாசலில் நிமிர்ந்தபடியே கொண்டு சேர்ப்பானாக. ஆமீன்.