முற்றத்தில் வெட்டிய வெள்ளி

கனத்த வெள்ளித் தட்டைக் கத்தரி வெட்டும்போது பெரிய சத்தம் எழாது. கரும்பைக் கடிப்பது போன்ற ஒரு சின்ன ஒலிதான். ஐம்பதுகளின் பின்பாதியில், திருத்தங்கலில் நான் குடியிருந்த வீட்டு முற்றத்தில் அதைக் கேட்டேன். பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். வீட்டுக்கார அக்கா, கணவர் இறந்தபின் அவருடைய சிறிய தீப்பெட்டிக் கம்பெனியைத் தானே நடத்திவந்தார். சாயங்காலம் பூக்கட்டியபடி, "இன்னைக்கு எந்த ராசாவ அடக்கம் பண்ணீக டீச்சர்?" என்று கேட்பார். நான் சொல்லும் கதைகளில் அவருக்கு அத்தனை ஆசை.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. கண்மாய்கள் உடைந்து விருதுநகர்ப் பாதை துண்டிக்கப்பட்டது. அக்காவின் பாங்குக் கணக்கு அங்கே இருந்தது. கூலிப் பணமும் அங்கேதான். கம்பெனிப் பெண்களின் வீடுகளில் உலை வைக்க வழியில்லை. அக்கா கூலிக்குப் பதிலாகத் தான் கையெழுத்துப் போட்ட சீட்டுகளைப் பெண்களிடம் கொடுத்துப் பார்த்தார். மளிகைக்கடைக்காரர் வாங்கவில்லை. "கோவிச்சுக்கிடாதீக. ரோடு எப்பத் தெறக்குமோ, காயிதத்த வச்சு நான் என்ன செய்ய?" என்றார்.

அன்று மாலை அக்காவின் மனத்தை வேறுபக்கம் திருப்பத்தான் அந்தக் கதையைச் சொன்னேன். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் எதிரிப்படை ஒரு நகரைச் சுற்றி வளைத்தால், உள்ளே காசு தீர்ந்துவிடும். சம்பளமில்லாத சிப்பாய் மதிலில் நிற்கமாட்டான். அப்போது வீட்டுத் தட்டு, தேவாலயப் பாத்திரம் என்று அகப்பட்ட வெள்ளியை வெட்டி, சதுரமோ கோணலோ, ஊர் முத்திரையை அடித்துக் காசாக்குவார்கள். முற்றுகை நீங்கியதும் நல்ல காசு தந்து மீட்டுக்கொள்வதாக வாக்கு.

"மீட்டாகளா?" என்றார் அக்கா.

"சில ஊர்ல மீட்டாங்க. சில ஊரே பிழைக்கல."

பூவை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை முற்றத்தில் நகை ஆசாரி கத்தரியோடு உட்கார்ந்திருந்தார். குடம், கிண்ணம், சந்தனப் பேலா என்று அக்காவின் கல்யாணச் சீர் ஒவ்வொன்றாகத் துண்டானது. ஒரு வாரக் கூலிக்கு ஒரு துண்டு; ஒவ்வொன்றிலும் ஆசாரியின் பூ அச்சு. கடைசியாக, விளிம்பில் கணவரின் பெயரெழுத்து பொறித்த சாப்பாட்டுத் தட்டு வந்தது. கூலிக்கு வந்திருந்த பெண்களில், கைக்குழந்தையுடன் நின்ற மாரியம்மா, "அது ஐயா சாப்பிட்ட தட்டும்மா. விட்டுருங்க, எங்களுக்கு இந்த வாரம் கூலி வேண்டாம்" என்றாள்.

"வேலை பாத்தீகளா, இல்லையா?"

"பாத்தோம்."

"அப்பொறம் என்ன? வெட்டுங்க ஆசாரி."

கத்தரி வாய் வைத்ததும் அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போய், கழுவிவைத்த பானையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் துண்டுகளை வாங்கிக்கொண்டு அரிசி அளந்தார். பாதை திறந்ததும் அக்கா முதல் பஸ்ஸில் விருதுநகர் போய்ப் பணத்தோடு திரும்பினார்; நேரே கடைக்குப் போய் அங்கிருந்த துண்டுகளை எல்லாம் மீட்டார். ஆசாரியிடம் மறுபடி பாத்திரமாக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ அந்த வெள்ளியை விற்று அடுத்த சீசனுக்குத் தீக்குச்சி மருந்துச் சரக்கு வாங்கினார்.

ஒரு துண்டு மட்டும் கடைக்கே வரவில்லை. சில நாள் கழித்து, மாரியம்மாவின் பிள்ளை இடுப்புக் கயிற்றில் அதை நான்தான் முதலில் பார்த்தேன். பெயரெழுத்து இருந்த துண்டு. அக்காவும் பக்கத்தில் வந்துவிட, மாரியம்மா அதை முந்தானையால் மறைக்கப் பார்த்தாள். "விக்க மனசு வரலம்மா. பக்கத்து வீட்டுல கேப்பை வாங்கி ஓட்டிக்கிட்டோம்" என்றாள்.

அக்கா பிள்ளையைத் தூக்கி, அந்தத் துண்டை விரலால் தடவினார். "ஏலே, எங்க வீட்டுக்காரரு சோத்துத் தட்டு இது. நல்லாச் சாப்பிட்டு வளரணும், என்ன?" என்றார். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, அந்தத் துண்டுக்குரிய வாரக் கூலியை மாரியம்மாவின் கையில் ரொக்கமாக வைத்தார்.