ஆரஞ்சு விளக்கு

ஸ்கீ என்னும் பனிச்சறுக்கு தெரியாதவர்கள் குளிர்காலத்தில் மலைக்கு வந்து என்ன செய்வார்கள் என்று எங்கள் ஊரில் கேட்டால் நூறு பேர் சிரிப்பார்கள். நோட்புர்கா பிளாட்னர் ஒருத்திதான் பதில் சொல்வாள்.

எங்கள் டிரோல் பள்ளத்தாக்கில் குழந்தைகள் நடப்பதற்கு முன்பே சறுக்கப் பழகிவிடும். புர்கி என்று ஊர் கூப்பிடும் நோட்புர்காவும் அப்படித்தான் இருந்தாள். கல்யாண வயதில் ஒரு பந்தயத்தில் விழுந்து வலது முழங்காலை நொறுக்கிக்கொண்ட பிறகு அவள் ஸ்கீயைத் தொடவில்லை. ஊர் அவளை மெல்ல மறந்தது. அவளோ, தன் கால் போன்ற கால்களுக்கும் பனி பிடிக்கும் என்று கண்டுபிடித்து, அப்பா விட்டுப்போன வீட்டில் மூன்று அறைகளை விருந்தாளிகளுக்குத் திறந்துவிட்டாள். சறுக்கத் தெரியாதவர்கள் மட்டுமே வருவார்கள். ஊரார் அவர்களை 'நடைக்காரர்கள்' என்பார்கள். மரியாதையாகச் சொல்வதில்லை.

அவளுடைய திட்டங்களில் அவசரமே இருக்காது. முதல் நாள் ஓடைக்கரையில் நடை, அதுவும் ஊருக்குள் வெயில் விழும் நேரத்தில் மட்டும். இரண்டாம் நாள் குதிரை வண்டி, பிறகு கணப்படுப்பை ஒட்டிய பெஞ்சில் தூக்கம். கடைசி நாள்தான் விருந்து. சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு காட்டுப்பாதையில் மலைக்குடிலுக்கு ஏறி, சீஸ் உருண்டை போட்ட சூப் சாப்பிட்டுவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே அதே பாதையில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். யாருக்கு எந்த பூட்ஸ், யாருக்கு முட்டிவலி, யார் குடிலில் இரண்டாவது கிளாஸ் ஒயின் கேட்பார்கள் என்பது வரை யோசித்து வைப்பாள். எதையும் விட்டுவிடமாட்டாள் என்று அவளுக்கே ஒரு கர்வம் உண்டு.

அந்த ஜனவரியில் ஹாலந்திலிருந்து இரண்டு சகோதரிகள் வந்திருந்தார்கள். மூத்தவள் ஃபெம்கெ, ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். இளையவள் லீஸ், பூக்கடைக்காரி. அவர்கள் ஊரில் ஏறுவதற்குப் பாலத்தை விட்டால் வேறு மேடு கிடையாது. புர்கிக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடைசி நாள் மதியம் சறுக்குவண்டிகளை எடுத்துக் கொடுத்தபோது ஃபெம்கெ சிரித்தாள்.

"இதுக்கு பிரேக் எங்கே இருக்கு?"

"உங்க குதிகால்தான் பிரேக்."

"என் ட்ராமுக்கு அந்த பிரேக் போட்டிருந்தா பாதி ஊர் காலி ஆகியிருக்கும்."

இருட்டத் தொடங்கும்போது புர்கி சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. லீஸ்தான்.

"நாங்க நல்லா இருக்கோம், பயப்படாதீங்க. பாதையில ஒரு பெரிய மரம் விழுந்து கெடக்கு. முந்தாநாள் அடிச்ச காத்துல விழுந்திருக்கும்போல. தாண்ட முடியல. பக்கத்திலேயே அகலமா ஒரு வெட்டவெளி இருக்கு, அதுல இறங்கிட்டோம்."

புர்கியின் கை நின்றது. அந்த வெட்டவெளி ஸ்கீ சரிவு.

"லீஸ், மறுபடி மரத்துக்கிட்டயே போயிடுங்க. அங்கேயே நில்லுங்க, நான் ஆள் அனுப்புறேன்."

"எதுக்கு? கீழே ஒருத்தர் வண்டி ஓட்டிட்டு இருக்கார். ஆரஞ்சு விளக்கு சுத்துது பாருங்க, அழகா இருக்கு. அவரைப் பார்த்துத்தான் போயிட்டு இருக்கோம். அவர் கொண்டுவந்து விட்டுடுவார்."

"வேண்டாம்! அந்த விளக்குக்கிட்டப் போகாதீங்க! லீஸ்!"

எதிர்முனையில் சத்தமே இல்லை. குளிரில் பேட்டரி செத்திருந்தது. திரும்ப அழைத்தாள். அணைந்தது அணைந்ததுதான்.

ஜன்னலுக்கு நேரெதிரே, பள்ளத்தாக்கின் மறுபுறச் சரிவில், அந்த விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. பகல் முழுக்க ஸ்கீக்காரர்கள் கிளறிப்போட்ட பனியை இரவில் சமன்படுத்தும் வண்டி அது. செங்குத்தான இடத்தில் அது தானாக ஏறாது. உச்சியில் ஒரு தூணில் கட்டிய இரும்புக்கயிற்றைச் சுருட்டிச் சுருட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறும். தளர்ந்திருக்கும்போது கயிறு பனிக்கடியில் புதைந்து கிடக்கும். இழுபட்டதும் சரேலென்று எழும்பிப் பக்கவாட்டில் வீசும். எதிரில் மரக்கிளையா மனிதனா என்று அது பார்க்காது. கயிறு வெளியே இருக்கிறது, சரிவில் கால் வைக்காதே என்று சொல்லத்தான் அந்த ஆரஞ்சு விளக்கு. எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ட்ராம் ஓட்டியவளுக்கோ, இருட்டில் சுற்றும் ஆரஞ்சு விளக்கு என்றால் உதவிக்கு வந்த வண்டி.

மூன்று நாள் திட்டத்தில் கையுறை வரை சொன்னவள் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அவசர எண்ணை அழைத்தாள். பேசியவன் தன்மையாகத்தான் பேசினான். மீட்புக்குழுவைக் கிளப்புவதாகவும், ஸ்கீக்காரர்களை மலையேற்றும் லிஃப்ட் கம்பெனியில் யாரையாவது பிடித்து வண்டிக்காரனிடம் சொல்லச் சொல்வதாகவும் சொன்னான். "கொஞ்சம் பொறுமையா இருங்கம்மா."

வண்டிக்காரன் யார் என்று புர்கிக்குத் தெரியும். செராஃபின். அவளுடைய சொந்தத் தம்பி.

அப்பா செத்த பிறகு மறுபுறச் சரிவில் இருந்த புல்வெளியில் தன் பங்கை லிஃப்ட் கம்பெனிக்கு விற்றவன் அவன். அப்பா புல் அறுத்த அதே மண்மீது இன்று ஸ்கீ சரிவு ஓடுகிறது, அதைச் சமன்படுத்தும் வண்டியில் அவனே உட்கார்ந்திருக்கிறான். அம்மாவின் அடக்கத்தன்று கல்லறை வாசலில் இருவரும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ரொட்டிக்கடையில் எதிரே வந்தால் ஒருவர் வெளியே போய்விடுவார்.

அவன் எண்ணை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடி ஓய்ந்தது. "எடுடா பாவி, எடு" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். விளக்கு செங்குத்தான ஏற்றத்தை நோக்கி ஊர்ந்தது.

கத்திக்கொண்டே இருந்தவள் சட்டென்று வாயை மூடினாள். அவள் கண் முற்றத்துக்கு அப்பால் இருந்த தொழுவத்தின் மேல் விழுந்தது. கூரை முகட்டுக்குக் கீழே ஒரு பெரிய விளக்கு உண்டு. அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது, பசுவுக்குப் பிரசவம் கஷ்டமானாலோ அப்பாவுக்கு ஏதாவது ஆனாலோ, அம்மா அந்த விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். எதிர்ச்சரிவில் சறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். வராவிட்டால் அடி விழும்.

வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினாள். முற்றம் கண்ணாடியாக உறைந்திருந்தது. பாதியில் வழுக்கி, அந்தப் பாழாய்ப்போன முட்டிமீதே விழுந்தாள். எழ முடியவில்லை. தவழ்ந்தாள். தொழுவத்தில் இப்போது பசு இல்லை, சறுக்குவண்டிகள்தான். சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டாள்.

எரிந்தது. அணைத்தாள். போட்டாள். அணைத்தாள்.

எதிரே ஆரஞ்சு விளக்கு நிற்கவில்லை. அவன் முன்னால்தானே பார்ப்பான், திரும்பி ஏன் பார்க்கப்போகிறான்? பார்த்தாலும், அக்கா பைத்தியம் பிடித்து ஆடுகிறாள் என்று நினைத்தால்? புர்கி அழுதுகொண்டே சுவிட்சைத் தட்டினாள். சரிவின் நடுவே அந்த இரண்டு பெண்களும் எங்கே இருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஆரஞ்சு விளக்கு நின்றது. வண்டியின் வெள்ளை விளக்குகள் மட்டும் எரிந்தன. அவள் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது.

"யாருக்கு என்ன?" தம்பியின் குரல். அதட்டலும் பயமுமாக.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. உன் சரிவுல ரெண்டு பொம்பளைங்க. உன் விளக்கைப் பார்த்து வந்துட்டு இருக்காங்க."

எதிர்முனையில் எஞ்சின் இரைச்சல் தணிந்தது.

"கயிறு?" என்றாள்.

"தளர்த்திட்டேன். நீ வை, நான் இறங்கிப் பார்க்கிறேன்."

அவள் தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கைவிளக்கு ஒன்று வண்டியிலிருந்து மேலே ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. அப்புறம் ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிட்டது. எதற்காக நிற்கிறான்? எதைப் பார்த்துவிட்டு நிற்கிறான்? புர்கிக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் பாதியிலேயே மறந்துபோயிற்று.

கடைசியில் அந்தப் பெரிய வண்டி முற்றத்து ஓரம் வரை வந்து நின்றது. முதலில் ஃபெம்கெ இறங்கினாள், பின்னாலேயே லீஸ். மூக்கு சிவந்திருந்தது, வேறொன்றும் இல்லை. புர்கி இருவரையும் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை.

"இவ்வளவு கவலைப்படுவீங்கன்னு தெரியாது" என்றாள் லீஸ். "கஷ்டம் ஒண்ணும் இல்லை. பனிக்குள்ள ஒரு இரும்புக்கயிறு கெடந்துச்சு. வழுக்காம இருக்க அதைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா இறங்கிட்டு இருந்தோம்."

வண்டியருகே நின்ற செராஃபினின் முகத்தில் ரத்தமே இல்லை. சகோதரிகள் உள்ளே போகும்வரை காத்திருந்தான்.

"ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு நின்னாங்க, புர்கி. ரெண்டு பேரும். என்னைப் பார்த்து கையாட்ட ஒரு கையை எடுத்தாங்க." அவன் சரிவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இவங்ககிட்ட சொல்லலியா நீ?"

"சொல்லல. தோணவே இல்ல."

திட்டுவான் என்று நினைத்தாள். அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

"நமக்கு மட்டும் யார் சொன்னாங்க, பார்த்துப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டோம்" என்றான்.

"நான் கூப்பிட்டப்ப ஏன்டா எடுக்கல?"

"பழையபடி புல்வெளிச் சண்டைன்னு நெனச்சேன்."

"உள்ள வா. சூப் இருக்கு."

அவன் கதவைப் பார்த்தான். "கயிறு பாதிச் சரிவுல கெடக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான்.

இப்போதெல்லாம் புர்கியின் திட்டம் நடையில் தொடங்குவதில்லை. முதல் நாள் மாலை விருந்தாளிகளை ஜன்னலருகே நிறுத்தி, அந்த விளக்கைக் காட்டி, அது எதைச் சொல்கிறது என்று சொல்கிறாள். கேட்டவர்களைத் திரும்பச் சொல்லச் சொல்கிறாள், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி. யாராவது குடிலுக்கு ஏறும் நாட்களில் தம்பியை அழைக்கிறாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறான்.

"எத்தனை பேர்?"

"நாலு பேர்."

"சரி." வைத்துவிடுவான்.

எல்லாரும் இறங்கியதும் மறுபடி அழைத்து "வந்துட்டாங்க" என்பாள். மறுபடி ஒரு "சரி." அதற்கப்புறம்தான் எதிர்ச்சரிவில் ஆரஞ்சு விளக்கு சுற்றத் தொடங்கும். புல்வெளியைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை.

மார்ச்சில் விருந்தாளிகள் குறைந்தார்கள். ஒரு மாலை அறைகள் மூன்றும் காலி. அழைக்க வேண்டிய தேவையில்லாமல் புர்கி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருட்டிவிட்டது. எதிரே வண்டியின் வெள்ளை விளக்குகள் ஏற்றத்தின் அடியிலேயே வெகுநேரம் நின்றிருந்தன. தொலைபேசி அடித்தது.

"இன்னிக்கு யாரும் இல்லையா?" என்றான் செராஃபின்.

"யாரும் இல்ல. நீ ஏறு."

அவன் வைக்கவில்லை. எஞ்சின் உறுமுவது கேட்டது.

"நீ?" என்றான். "நீ வீட்லதானே இருக்க?"

"வீட்லதான்டா இருக்கேன்."

"சரி" என்றான். எதிர்ச்சரிவில் ஆரஞ்சு விளக்கு சுற்றத் தொடங்கியது.